காப்பி ஆறுவதற்குள் சைக்கிளைப் பாருங்கள்

சைக்கிளும் காப்பியும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் கடைக்குள் நுழைந்ததும் உட்கார ஒரு மேஜை தேடுவோம். அந்த மேஜையிலிருந்து, ரிப்பேருக்காக சைக்கிளைத் தூக்கி மாட்டும் ஒர்க் ஸ்டாண்டு தெரிகிறதா என்று பாருங்கள். இந்த வகைக் கடைகளை மதிப்பிட எங்களிடம் இருக்கும் முதல் அளவுகோல் இதுதான். உங்கள் சைக்கிள் ஸ்டாண்டில் ஏறுவதும், மெக்கானிக் எதைக் கையில் எடுக்கிறார் என்பதும், எதைக் கழற்றி எங்கே வைக்கிறார் என்பதும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பார்க்க முடிந்தால், அந்தக் கடை தன் வேலையை மறைக்கவில்லை. சைக்கிளை வாங்கி ஒரு கதவுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்விட்டு, முன்புறம் ஸ்போக்ஸில் செய்த விளக்கும் செயினில் செய்த கடிகாரமும் மாட்டியிருந்தால், அங்கே காப்பி நன்றாக இருக்கலாம். சைக்கிளைக் கொடுக்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள்.

நம் ஊரில் இந்தச் சேர்க்கை ஒன்றும் புதிதில்லை. தெருமுனையில் பஞ்சர் கடையும் டீக்கடையும் அடுத்தடுத்து இருந்தது எல்லா ஊர்களுக்கும் பொது. ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்க்கும் நேரத்தில் ஒரு டீ. புதிதாக வந்தது ஒரே பில்லும் குளிர்சாதனமும்தான். சென்னையில் அதைப் பரவலாகத் தெரியவைத்தது கோட்டூர்புரம் காந்தி மண்டபம் சாலையில் 2015இல் தொடங்கிய சிக்ளோ கஃபே. முருகப்பா குழுமத்தின் டிஐ சைக்கிள்ஸுடன் கைகோத்து வந்த கடை அது. டிஐ சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கி, அம்பத்தூர் தொழிற்சாலையிலிருந்து ஹெர்குலிஸையும் பிஎஸ்ஏவையும் ஊருக்கெல்லாம் அனுப்பிய நிறுவனம். பால்காரர், தபால்காரர், வாடகை சைக்கிள் என்று வேலைக்காக சைக்கிள் செய்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலை பொழுதுபோக்காக ஓட்டுபவர்களுக்கு இடம் அமைக்க வந்தது காலத்தின் மாற்றத்தை நன்றாகவே காட்டுகிறது.

இரண்டு வியாபாரமும் ஏன் சேர்கின்றன என்பதற்கு எளிய காரணம் உண்டு. சைக்கிள் வாங்குகிறவர் ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். காப்பி குடிக்கிறவர் தினமும் வருவார். நடுவில் சர்வீஸ் இருக்கிறது. அதற்கு நேரம் பிடிக்கும், வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டும், காத்திருப்பவருக்கு ஏதாவது குடிக்க வேண்டும். லண்டன் ஓல்டு ஸ்ட்ரீட்டில் 2010இல் திறந்த லுக் மம் நோ ஹேண்ட்ஸ் இந்த மூன்றையும் சரியாக முடிச்சுப் போட்டது. பட்டறை, காப்பி, பெரிய திரையில் நேரடியாக சைக்கிள் பந்தயம். 2022இல் மூடும்வரை அந்நகரின் சைக்கிள்காரர்கள் கூடும் இடமாக இருந்தது. ராஃபா நிறுவனத்தின் கிளப்ஹவுஸ்கள் வேறு ரகம். அங்கே முதன்மை வியாபாரம் உடை, அதற்குத் துணை காப்பி. இதில் நல்லது கெட்டது என்று எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் போயிருக்கும் கடை எதை முதலாக வைத்து நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், அங்கே எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது விளங்கிவிடும்.

முதலில் சைக்கிளைக் கொடுங்கள், பிறகு காப்பி சொல்லுங்கள். இந்த வரிசையை மாற்றினால் காப்பி முடிந்த பிறகு அரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டியிருக்கும். கொடுக்கும்போது "ஒரு ஜெனரல் சர்வீஸ் பண்ணிடுங்க" என்று சொல்லாதீர்கள். அதைக் கேட்டதும் துடைத்து, எண்ணெய் விட்டு, காற்றடித்துத் திருப்பிக் கொடுக்கத்தான் தோன்றும். நோயைச் சொல்ல வேண்டும். சத்தம் எந்தப் பக்கம், பெடல் மிதிக்கும்போது மட்டும் வருகிறதா, மிதிக்காமல் உருளும்போதும் வருகிறதா, எழுந்து நின்று ஏறும்போது வருகிறதா, எந்த கியரில், எத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு. மிதிக்கும்போது மட்டும் வந்தால் செயின், பெடல், பெடலைத் தாங்கும் கிராங்க், கிராங்க் சுழலும் பாட்டம் பிராக்கெட் பக்கம் தேட வேண்டும். உருளும்போதும் வந்தால் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப், ப்ரேக், டயர். கையை விட்டு சீட்டில் உட்காரும்போது வந்தால் சீட் போஸ்டும் சீட்டின் கிளாம்பும். இப்படிப் பிரித்துச் சொல்லிவிட்டால் மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்தது.

நேரக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். பஞ்சருக்கு 10 முதல் 15 நிமிஷம். கியர் ட்யூனிங் 15 நிமிஷம். புதுச் செயின் மாட்ட அதே அளவு. சக்கரக் கோட்டம் எடுக்க 20 முதல் 30 நிமிஷம். இவையெல்லாம் காப்பி நேரத்துக்குள் அடங்கும் வேலைகள். ஹைட்ராலிக் ப்ரேக்கில் எண்ணெய் மாற்றுவது முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. முழு ஓவர்ஹாலுக்கு ஒரு நாளாவது விட்டுத்தான் வர வேண்டும். ஞாயிறு காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ஈசிஆர் என்ற கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து திரும்பும் கூட்டம் மொத்தமும் இந்தக் கடைகளில்தான் இறங்கும். அந்த நேரத்தில் பெரிய வேலையைக் கொடுத்தால் அவசரத்தில்தான் முடியும். செவ்வாய், புதன் பிற்பகல் போனால் மெக்கானிக்குக் கை ஓய்வாக இருக்கும். கேட்டால் விளக்கமும் சொல்லுவார்.

சைக்கிளை ஸ்டாண்டில் எப்படி மாட்டுகிறார் என்பதிலேயே கடையின் தரம் தெரியும். கார்பன் ஃப்ரேமின் மேல் குழாயை கிளாம்பில் இறுக்கிப் பிடித்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். மெல்லிய சுவர் கொண்ட குழாய் அது. நசுங்கினால் வெளியே தெரியாமல் உள்ளே விரிசல் விடும். சீட் போஸ்டைப் பிடித்துத்தான் தொங்கவிட வேண்டும்.

அடுத்து செயின். நல்ல பட்டறையில் மெக்கானிக்கின் கை தானாகவே செயின் அளக்கும் கேஜுக்குப் போகும். செயின் இழுபட்டு நீளுகிறது என்று சொல்வது வழக்கம்தான். உண்மையில் இரும்பு நீளுவதில்லை. ஒவ்வொரு பின்னும் அது உட்காரும் இடமும் தேய்ந்து, கண்ணிகளுக்கு நடுவே இடைவெளி கூடுகிறது. 11, 12 ஸ்பீடு செயின் (பின்னால் அத்தனை பல்சக்கரம் உள்ள சைக்கிளுடையது) 0.5 சதவீதம் தேய்ந்ததும் மாற்ற வேண்டும். 8, 9, 10 ஸ்பீடில் 0.75 வரை ஓட்டலாம். கேஜ் இல்லாவிட்டாலும் பன்னிரண்டு அங்குல ஸ்டீல் ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், புதுச் செயினில் 24ஆவது பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் தேய்மானம் 0.5 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. இந்தக் கட்டத்தில் செயினை மட்டும் மாற்றினால் செலவு சின்னது. விட்டுவிட்டால் தேய்ந்த செயின், பின் பல்சக்கரங்களின் அடுக்கான கேசட்டின் பற்களைத் தன் அளவுக்குச் செதுக்கிவிடும். பிறகு புதுச் செயின் போட்டால் பழைய பற்களில் வழுக்கும், கேசட்டையும் வாங்க வேண்டும், சில சமயம் முன் பல்சக்கரத்தையும். அளக்காமலே "செயின் கேசட் ரெண்டும் மாத்தணும்" என்று சொல்லும் இடத்தில், அளந்து காட்டச் சொல்லுங்கள். அதைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

எண்ணெய் விடுவதிலும் பார்க்க வேண்டியது உண்டு. செயினுக்கு எண்ணெய் தேவைப்படுவது கண்ணிகளுக்கு நடுவே சுழலும் ரோலருக்கு உள்ளே. வெளித் தகட்டில் பளபளவென்று நிற்கும் எண்ணெய் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கிட்டத்தட்ட 116 கண்ணி உள்ள செயினில் ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு துளி, சில நிமிஷம் பெடலைப் பின்னோக்கிச் சுற்றி ஊறவிட்டு, பிறகு வெளியே இருப்பதை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். ஸ்ப்ரே டப்பாவை எடுத்துச் சக்கரத்தோடு சேர்த்து அடிப்பவரிடம் டிஸ்க் ப்ரேக் உள்ள சைக்கிளைக் கொடுக்கவே கூடாது. அந்தப் புகை போய் ப்ரேக்கின் வட்டத் தகடான ரோட்டரில் படியும். அந்தத் தகட்டைக் கவ்வும் பேடுக்குள் எண்ணெய் இறங்கும். வீட்டுக்குப் போகும் வழியிலேயே ப்ரேக் அலறத் தொடங்கும், பிடியும் குறையும். ரோட்டரை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் வைத்துத் துடைத்து மீட்டுவிடலாம். எண்ணெய் குடித்த பேடு பெரும்பாலும் குப்பைக்குத்தான்.

இதே ஸ்ப்ரேதான் காப்பிக்கும் எதிரி. வறுத்த காப்பிக்கொட்டை பக்கத்தில் உள்ள வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளும். பட்டறைக்கும் கிரைண்டருக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பும், பட்டறைப் பக்கம் வெளியே காற்றை இழுக்கும் ஃபேனும் இருக்க வேண்டும். தடுப்பு இல்லாத கடையில் டீகிரீஸர் வாடையும் புது டயரின் ரப்பர் வாடையும் நுரையோடு சேர்ந்து மூக்கில் ஏறும். கண்ணாடி என்றால் மேஜையிலிருந்து ஸ்டாண்டும் தெரியும். கடை வடிவமைத்தவர் இரண்டு தொழிலையும் புரிந்தவரா என்பது இந்த ஒரு தடுப்பில் தெரிந்துவிடுகிறது.

கியர் விஷயத்தில்தான் அதிகம் ஏமாற்றம் நடக்கிறது. ஏமாற்றும் நோக்கம் இல்லாமலே நடப்பது இது. கியர் தாவுகிறது என்று கொடுத்தால் கேபிளின் இழுவையைக் கூட்டிக் குறைக்கும் பேரல் அட்ஜஸ்டரை இரண்டு திருகு திருகி, ஸ்டாண்டில் வைத்துச் சுற்றிக் காட்டுவார்கள். சரியாக விழும். ரோட்டில் போனதும் மறுபடி தாவும். பாதி நேரம் காரணம் ஹேங்கர். செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் பின் டிரெயிலியரை ஃப்ரேமோடு இணைக்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டு வளைவதற்கென்றே செய்யப்பட்டது. சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்தால் ஃப்ரேம் உடையாமல் அது வளைந்து கொடுக்கும். 11, 12 ஸ்பீடு கேசட்டில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 4 மில்லிமீட்டர்கூடக் கிடையாது. ஹேங்கர் லேசாகத் திரும்பியிருந்தாலும் ஒரு முனையில் சரிசெய்தால் மறுமுனையில் தப்பும். சிறிய பற்களில் சரி, பெரிய பற்களில் கரகர. இதுதான் அடையாளம்.

இதற்கு ஹேங்கர் அலைன்மெண்ட் கேஜ் என்ற நீண்ட கைப்பிடிக் கருவி வேண்டும். டிரெயிலியரைக் கழற்றி அந்தத் துளையில் இதைத் திருகி, கருவியின் கையை ரிம்மின் ஒரு இடத்துக்குக் கொண்டுபோய் இடைவெளி பார்த்து, பிறகு சக்கரத்தையும் கையையும் அரை வட்டம் சுற்றி அதே ரிம் புள்ளியில் மறுபடி பார்க்க வேண்டும். மேலும் கீழும், முன்னும் பின்னும் நான்கு இடத்தில் பார்த்து, வித்தியாசம் 4 மில்லிமீட்டருக்குள் வரும்வரை மெல்ல வளைக்க வேண்டும். இந்தக் கருவி சுவரில் தொங்குகிறதா என்று காப்பி வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். இல்லாத கடையில் கியர் வேலை கொடுக்க வேண்டாம். மற்றொன்று, ஹேங்கர் ஒவ்வொரு மாடலுக்கும் வேறு வேறு வடிவம். ஒரு சைக்கிளின் ஹேங்கர் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் சேராது. சைக்கிள் வாங்கும் அன்றே உபரியாக ஒன்று வாங்கி சீட்டின் அடிப்பையில் போட்டு வையுங்கள். உடைந்த பிறகு தேடினால் வாரக்கணக்கில் சைக்கிள் சுவரில் சாய்ந்து கிடக்கும்.

ப்ரேக்குக்கு வருவோம். டிஸ்க் பேடில் உலோகத் தகடு நீங்கலாக 0.5 மில்லிமீட்டர் மீதி இருக்கும்போது மாற்ற வேண்டும் என்பது சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோவின் அளவு. ரோட்டர் புதிதில் 1.8 மில்லிமீட்டர் தடிமன், 1.5க்கு வந்துவிட்டால் அதுவும் போக வேண்டும். வெர்னியர் வைத்து அளக்காமல் கண்ணால் பார்த்துச் சொல்வதை நம்பாதீர்கள். எண்ணெயில் ஒரு முக்கிய எச்சரிக்கை: ஷிமானோவுக்கு மினரல் ஆயில், இன்னொரு நிறுவனமான ஸ்ராமின் பெரும்பாலான ப்ரேக்குகளுக்கு டாட் (DOT) ப்ரேக் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஊதிப் போய் முழு ப்ரேக்கும் வீணாகும். எதை ஊற்றுகிறீர்கள் என்று கேட்டால் நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார், பாட்டிலைத் திருப்பிக் காட்டுவார். புதுப் பேடு போட்ட பிறகு அது ரோட்டரோடு பழக வேண்டும். மிதமான வேகத்திலிருந்து நடை வேகம் வரை இருபது தடவை, கொஞ்சம் கூடுதல் வேகத்திலிருந்து பத்துத் தடவை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், முழுக்க நிற்காமல் பிடித்து விட வேண்டும். இதைச் செய்யாமல் கொடுத்தால் நீங்களே செய்துகொள்ளுங்கள். செய்யாமல் நேராகப் பாலத்து இறக்கத்தில் போய் நம்ப வேண்டாம்.

கார்பன் பாகங்கள் உள்ள சைக்கிளில் இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை வைப்பவரைத் தடுக்கலாம். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்தான், பாகத்தின் மேலேயே எழுதியிருக்கும். கேசட்டைப் பூட்டும் லாக்ரிங்குக்கு 40 அளவில். ஒன்றுக்குக் கைவிரல் பலம், இன்னொன்றுக்கு நீளக் கைப்பிடி. கைப்பழக்கத்தில் வராதா என்று கேட்கலாம். அலுமினியத்தில் வரும். கார்பனில் ஒரு தடவை தப்பினாலே ஹேண்டில்பார் போச்சு. கார்பன் சீட் போஸ்டுக்கு கிரீஸ் தடவுவதும் தப்பு. மணல்துகள் போன்ற பொருள் கலந்த கார்பன் பேஸ்ட்தான் போட வேண்டும், அது குறைந்த இறுக்கத்திலேயே வழுக்காமல் பிடிக்கும்.

சென்னைக்கென்று சில வியாதிகள் உண்டு. கடற்கரைச் சாலையில் ஓட்டும் சைக்கிளில் உப்புக் காற்று முதலில் தின்பது ஸ்போக்ஸை ரிம்மில் இறுக்கும் அலுமினிய நிப்பிள்களை. வெளியே பார்க்க நன்றாக இருக்கும். கோட்டம் எடுக்கத் திருகினால் வெள்ளைப் பொடியாக உதிரும், அல்லது தலை வட்டமாகிவிடும். திருவான்மியூர், பாலவாக்கம் பக்கம் குடியிருப்பவர்கள் புதுச் சக்கரம் கட்டும்போது பித்தளை நிப்பிள் கேளுங்கள். எடை கொஞ்சம் கூடும், ஆயுள் பல மடங்கு. ஐப்பசி கார்த்திகை மழையில் சீட் குழாய் வழியாக இறங்கும் தண்ணீர் பாட்டம் பிராக்கெட்டில் போய்த் தேங்கும். ஃப்ரேமின் அடியில் வடிகால் துளை இருந்தால் அது அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மழைக்குப் பிறகு சீட் போஸ்டைக் கழற்றி சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தாலே ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டுவதுண்டு. பைக் கழுவும் பிரஷர் பம்பால் சைக்கிளை அடித்துத் தருகிற இடத்தில் கொடுக்க வேண்டாம். அந்த வேகம் தண்ணீரை சீலைத் தாண்டி பேரிங்குக்குள் செலுத்தும், கிரீஸைக் கரைத்து வெளியேற்றும்.

துளையைத் தானே அடைக்க ட்யூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் நம் வெயிலில் சீக்கிரம் காயும். டப்பாவில் ஆறு மாதம் என்று போட்டிருந்தாலும் இங்கே இரண்டு மூன்று மாதத்தில் குலுக்கிப் பார்த்துவிட வேண்டும். 28 மில்லிமீட்டர் ரோடு டயருக்கு 30 முதல் 40 மில்லி. காற்றும் அளவோடுதான். 70 கிலோ எடையுள்ளவர் 700×28 டயரில் ட்யூபோடு ஓட்டினால் 75, 80 பிஎஸ்ஐ போதும். நூற்றுக்கு மேல் அடித்துத் தருவது பழைய பழக்கம். கல்லு மாதிரி இருந்தால் வேகம் வரும் என்ற எண்ணம் நம் சாலைகளில் செல்லாது. டயர் மேடுபள்ளத்தில் துள்ளும், கை மரத்துப் போகும். ரொம்பக் குறைத்தாலும் குழியில் ரிம் இடித்து ட்யூபில் பாம்பு கொத்தியது போல இரண்டு துளை விழும். பஞ்சர் பார்க்கும்போது ஒரே துளையா, இரட்டையா என்று கேளுங்கள். இரட்டை என்றால் காற்றுக் குறைவு. ஒன்று என்றால் டயரின் உட்பக்கம் துணி வைத்துத் தடவிக் கண்ணாடித் துண்டோ கம்பியோ எடுத்த பிறகுதான் புது ட்யூப் போட வேண்டும். எடுக்காமல் போட்டால் இரண்டு கிலோமீட்டரில் மறுபடி உட்காரும்.

இனி காப்பி. பட்டறைக்குக் கேட்கும் ஒழுங்கையே இதற்கும் கேட்கலாம், ஏனென்றால் எஸ்பிரெஸோவும் அளவு வேலைதான். 18 கிராம் பொடி, 36 கிராம் பானம், 25 முதல் 30 விநாடி, 9 பார் அழுத்தம், தண்ணீர் 90 முதல் 96 டிகிரி. தராசு இல்லாமல் கண் மட்டத்தில் போடும் இடத்தில் காலையில் ஒரு ருசி, மாலையில் ஒரு ருசி. 15 விநாடியில் ஊற்றிவிட்டால் புளிக்கும், 40 விநாடி இழுத்தால் கசக்கும். மழை நாளில் காற்றின் ஈரம் மாறும்போது முந்தின நாள் அரைவை பொருந்தாது. முதல் ஒன்றிரண்டு ஷாட்டைக் கீழே கொட்டிவிட்டு அரைவையைத் திருத்துகிறவர் நல்ல பாரிஸ்டா. கடை திறந்த முதல் கால் மணி நேரத்தில் எஸ்பிரெஸோ கேட்காதீர்கள். காப்பி இறங்கும் தலைப்பகுதியான குரூப் கனமான பித்தளையில் உள்ள மெஷின் முழுச் சூடு ஏற அரை மணி நேரம் பிடிக்கும். பால் 60, 65 டிகிரியில் இனிக்கும், 70 தாண்டினால் வெந்த வாடை. நீராவிக் குழாயை ஒவ்வொரு தடவையும் துடைக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த பால் படிந்த குழாயும் கரி படிந்த ஜாக்கி வீலும் (டிரெயிலியரில் செயின் ஓடும் சின்னச் சக்கரம்) ஒரே குணத்தின் இரண்டு வெளிப்பாடு.

அந்த விடியற்காலை நேரத்துக்கு ஃபில்டர் காப்பியைப் போல எதுவும் இல்லை. இரவே போட்டு வைத்த டிகாக்‌ஷனைக் கேட்காதீர்கள், காலையில் இறங்கியதா என்று விசாரியுங்கள். 30 கிராம் பொடிக்கு 150 மில்லி கொதிநீர் விட்டால் கால் மணி நேரத்தில் இறங்கும் முதல் டிகாக்‌ஷன் இரண்டு பேருக்குச் சரி. நூற்றுக்கு எண்பது காப்பி, இருபது சிக்கரி என்பது எங்களுக்குப் பிடித்த கணக்கு. சட்டப்படி சிக்கரி 49 சதவீதம் வரை போகலாம், அளவைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். எனவே பாக்கெட்டைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. வேர்த்துக் களைத்து வருகிறவருக்குச் சிக்கரியின் அடர்த்தி ருசிக்கும், ஆனால் காஃபீன் கிடைப்பது காப்பியிலிருந்து மட்டும்.

காஃபீன் கணக்கு ஓட்டுபவர்களுக்கு முக்கியம். நீண்ட தூர ஓட்டத்துக்கு உதவும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்குக் குறைந்தது 180. அது முழுதாக வேலை செய்ய 45 நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே புறப்படும் நிமிஷத்தில் குடித்தால் பலன் அடையாறு தாண்டி வெகு தூரம் போன பிறகுதான் தெரியும். ரோபஸ்டாவில் அரபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபீன். கலவையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு குடியுங்கள். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2004இல் காஃபீனைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பழக்கமில்லாத வயிறு என்றால் வெறும் வயிற்றில் வேண்டாம்.

இத்தகைய கடைகளின் சுவர்களில் சிவப்பு வெள்ளை ஜெர்சியில் ஃபேமா என்று எழுதிய பழைய படம் ஒன்று தவறாமல் இருக்கும். அது அலங்காரத்துக்கு மாட்டிய சம்பந்தமில்லாத படமல்ல. ஃபேமா இத்தாலியின் எஸ்பிரெஸோ மெஷின் நிறுவனம். எடி மெர்க்ஸ் 1969இல் தன் முதல் டூர் டி ஃபிரான்ஸை வென்றது அந்த நிறுவனத்தின் பெயரில் ஓடிய அணியின் ஜெர்சியில். அதே நிறுவனம் 1961இல் கொண்டுவந்த இ61 மெஷினுக்குப் பெயர் வந்தது அந்த வருஷத்துச் சூரிய கிரகணத்தால். அதன் குரூப் வடிவம் இன்றும் பல மெஷின்களில் இருக்கிறது, கவுண்டரில் பளபளக்கும் குரோம் மூக்கைப் பார்த்தாலே தெரியும். பிறகு காஃபே டி கொலம்பியா அணியில் லூயிஸ் ஹெர்ரேரா 1987இல் ஸ்பெயினின் வுயெல்டா பந்தயத்தை வென்றார். தொண்ணூறுகளில் சேகோ அணி, இந்த நூற்றாண்டில் செகாஃப்ரெடோ அணி. காப்பிக்காரர்களின் பணத்தில் ஓடிய பந்தயம் இது. மெஷினும் சைக்கிளும் ஒரு கூரையின் கீழ் நிற்பதற்கு அறுபது வருஷத்துக்கும் மேலான உரிமை இருக்கிறது.

கடையின் தரை, நிறுத்தும் இடம் இரண்டையும் சொல்லாமல் விட முடியாது. பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளீட் ஷூ போட்டு வழுவழுப்பான டைல்ஸில் நடப்பது ஆபத்து, மழை நாளில் இன்னும். வாசலில் ரப்பர் மேட் விரித்திருக்கிற கடைக்காரர் தானே ஓட்டுகிறவர் என்று எடுத்துக்கொள்ளலாம். முன்சக்கரத்தை மேலே மாட்டிச் செங்குத்தாகத் தொங்கவிடும் கொக்கிகள் இடத்தை மிச்சப்படுத்தும். ஹைட்ராலிக் ப்ரேக்குக்குள் கொஞ்சம் காற்று இருந்தால் அப்படித் தொங்கிய பிறகு லீவர் பஞ்சு போல அமுங்கும். கீழே இறக்கியதும் நாலைந்து தடவை பிடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மறுபடி மறுபடி அப்படி ஆனால் எண்ணெய் மாற்றும் காலம் வந்துவிட்டது.

புது சைக்கிள் வாங்கும் எண்ணத்தோடு போகிறவர்களுக்கு இந்தக் கடைகள் உண்மையிலேயே வசதி, ஏனென்றால் அவசரப்படுத்த மாட்டார்கள். முதலில் கால் அளவு. செருப்பில்லாமல் சுவரில் முதுகு சாய்த்து நின்று, கால்களுக்கு நடுவே புத்தகத்தைச் சீட் போல அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல் விளிம்பு வரை அளக்க வேண்டும். அதை 0.883ஆல் பெருக்கினால் பாட்டம் பிராக்கெட்டின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பகுதி வரையிலான உயரத்துக்கு நல்ல தொடக்கம் கிடைக்கும். 80 சென்டிமீட்டர் என்றால் 70.6. அங்கிருந்து அரை அரை சென்டிமீட்டராகத் திருத்த வேண்டும். மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடினால் உயரம் அதிகம், முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் குறைவு. ஆள் உயரத்தை மட்டும் கேட்டு "உங்களுக்கு மீடியம்" என்று சொல்லும் இடத்தில் காப்பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே உயரமுள்ள இருவருக்குக் கால் நீளம் ஐந்து சென்டிமீட்டர் வித்தியாசப்படலாம்.

பில்லில் உழைப்புக் கூலி தனி, பாகம் தனி, காப்பி தனி என்று வர வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். தேய்ந்த பேடும் செயினும் உங்களுடையவை, அவற்றைப் பார்த்தால் மாற்றியது நியாயமா என்று தெரியும். எடுத்ததும் கடை வாசலிலேயே சோதியுங்கள். முன் ப்ரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்தால் ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்கான ஹெட்செட்டில் டக் டக் என்று வரக் கூடாது. ஒவ்வொரு சக்கரத்தையும் பக்கவாட்டில் ஆட்டினால் ஹப்பில் ஆட்டம் இருக்கக் கூடாது. எல்லா கியரையும் மேலேயும் கீழேயும், ஸ்டாண்டில் அல்ல, தெருவில் ஏறி மிதித்துப் பாருங்கள். புது கேபிள் போட்டிருந்தால் முதல் நூறு கிலோமீட்டரில் வெளி உறை உட்கார்ந்து கொஞ்சம் தளரும், கியர் மறுபடி தாவும். அது யார் குறையும் இல்லை. பேரல் அட்ஜஸ்டரில் கால் திருகு, அரைத் திருகு. ஐந்து நிமிஷ வேலை. நல்ல கடைகள் அதற்குக் கூலி கேட்பதில்லை. வரும்போது எந்த கியரில் தாவுகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள், டிகாக்‌ஷன் இறங்கும் நேரத்தில் வாருங்கள்.